கிளிக்கொல்லையில் வெள்ளைக் கோடு

தாமல் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், நெடுஞ்சாலைக்கும் ஏரிக்கும் நடுவே சற்று மேடான செம்மண் நிலம் ஒன்று தெரியும். நான்கு சிறிய துண்டுகள். இடையே தாழ்ந்த வரப்புகள். அக்கம்பக்கத்தார் அதைக் கிளிக்கொல்லை என்பார்கள். ஆண்டுதோறும் அங்கே கம்பும் சோளமும் விதைக்கிறோம். அறுப்பதில்லை. கதிர் பால் பிடித்தது முதல் பறவைகள் தின்று தீர்க்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை. கவண் இல்லை, தகர டப்பா இல்லை, சட்டை மாட்டிய பொம்மை இல்லை. எஞ்சிய தட்டையைப் பக்கத்து நிலத்துக்காரர் தம் மாடுகளுக்கு எடுத்துக்கொள்வார்.

இதற்குக் காரணம் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பங்காளி வீடுகள் பதினைந்துக்கு மேல். பட்டுச் சேலையின் கரையில் கிளி நெய்வதில் அவ்வீடுகளுக்கு நெடுங்காலமாகப் பெயர். கிளியின் உருவத்தை வைத்துச் சோறு தின்கிறோம், ஆகவே கிளிக்குச் சோறு வைப்பது நம் கடன் என்று முன்னோர் யாரோ ஏற்படுத்திய வழக்கம் அது. அவ்வழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கொல்லை கைவிட்டுப் போன நாளில், பங்காளிகளில் ஒருவரும் தறியில் கிளி ஏற்றக்கூடாது. எந்தப் பத்திரத்திலும் இவ்விதி இல்லை. எனினும் இதை மீறத் துணிந்தவரை நான் கண்டதில்லை.

எங்கள் தந்தையார் மூத்தவர் என்பதால் பட்டா அவர் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் என் பெயருக்கு வந்தது. நான் தறியில் உட்கார்ந்தவன் அல்லன். கல்லூரியில் பட்டம் பெற்று, அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி நெய்கிறான். அவன் தறிகளில் இன்றும் பட்டு ஓடுகிறது. நெய்யாதவன் கையில் கிளிக்கொல்லை இருப்பது பங்காளிகள் சிலருக்கு உறுத்தல் என்பதை நான் அறிவேன். ஆகவே அந்நிலத்தின் பொருட்டு என் பெயரில் ஒரு சிறு புள்ளியும் விழக்கூடாது என்பதில், அலுவலகக் கோப்புகளில் காட்டிய கண்டிப்பைவிடக் கூடுதலான கண்டிப்பைக் காட்டி வந்தேன். பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும்.

சில ஆண்டுகளாகக் கம்பு சரியாக வரவில்லை. இடுப்பளவு வளர்ந்து நின்றுவிடும். கதிர் விரல்நீளம்கூட இராது. கையில் கசக்கினால் பதர். கிளிகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு கடந்து, ஏரிக்கு அப்பால் இருந்த வேர்க்கடலைக் காடுகளுக்குப் போயின. கிளிக்கொல்லையில் கிளி இறங்குவதில்லை என்ற பேச்சு பிள்ளையார்பாளையம்வரை வந்தது. நேரில் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் என் இலைக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து, நான் கேட்கும்படி சொன்னார்கள்.

மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண் புளித்துவிட்டது என்று முடிவு வந்தது. எனக்கு முன் பயிரிட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் கொட்டிய அம்மோனியா உரமே காரணமாயிருக்கும் என்றும், சுண்ணாம்புக்கல் தூளைச் சீராகத் தூவி உழுதுவிட்டு, சில வாரம் விட்டு விதைக்க வேண்டும் என்றும் வேளாண் அதிகாரி விளக்கினார். எனக்கு நிறைவாயிருந்தது. கிளிகள் வராததற்கு என் நடத்தையில் குறை தேடியவர்களுக்கு, குறை மண்ணில் இருந்தது என்பது விரைவில் தெரிந்துவிடும் என்று எண்ணினேன். அதை வாயால் சொல்வதைவிட, ஆவணிக் கதிரைக் காட்டுவதே மரியாதை என்று கருதி, யாரிடமும் சொல்லாதிருந்தேன்.

வைகாசியில் மூட்டைகள் வந்து இறங்கின. உரம் தூவும் கருவியை இழுத்துக்கொண்டு டிராக்டர் ஒன்று வந்தது. புனல் போன்ற பெரிய தொட்டி. அதன் அடியில் ஒரு தட்டு சுழன்று தூளை இருபுறமும் வீசும். ஓட்டி வந்தவன் தாமலைச் சேர்ந்தவன். நடுவயதுக்காரன், வாய் மூடாதவன். மூட்டையைப் பிரித்து விரலில் தொட்டுப் பார்த்தான்.

“இன்னா சார், கிளிக்குச் சுண்ணாம்பா? அப்டியே ரெண்டு கட்டு வெத்தலையும் வாங்கியாந்திருந்தா ஜோடியாப் போட்டு மென்னுக்கினு இருக்குமே.”

நான் சிரிக்கவில்லை. வேலையாட்களோடு சிரித்துப் பழகினால் வேலை கெடும் என்பது என் அனுபவம். தொடங்கும்படி கையால் காட்டினேன்.

அப்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் ஓடி வந்தார். அவர் வரப்பை ஒட்டிக் கீரை போட்டிருந்தார். மறுநாள் விடியலில் காஞ்சிபுரம் சந்தைக்குப் போகவேண்டிய கீரை. மேல்காற்று எழும்பிவிட்டது, தட்டு சுழன்று வீசினால் தூள் முழுவதும் தம் கீரைமேல் படியும், வெள்ளை படிந்த கீரையை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் டிராக்டர்காரனுக்கு ஒரு வழிமுறை சொன்னேன். இன்று தட்டைச் சுழற்ற வேண்டாம். தொட்டியின் வாயில் சாக்கைக் கட்டித் தூளை நேரே கீழே விழச்செய்து, நான்கு துண்டுகளுக்கும் ஓரங்களை மட்டும் முடித்துவிடு. நாளை விடியலில், காற்று இல்லாத வேளையில், நடுப்பகுதியைத் தட்டால் தூவிக்கொள்ளலாம். ஓரம் முன்பே முடிந்திருப்பதால் கருவி வரப்பை நெருங்க வேண்டியதில்லை, கீரைக்கும் பாதகமில்லை.

அந்த முறையில் நான் இன்றும் பிழை காணவில்லை.

அவன் அப்படியே செய்தான். வரப்புகளை ஒட்டி, நூல் பிடித்தாற்போல, ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பட்டை விழுந்துகொண்டே போனது. திரும்பும் மூலைகளில் டிராக்டர் சற்று நின்றதால் அங்கே தூள் கூடுதலாகக் கொட்டி, சிறு குவியல்களாக நின்றது. நான்காவது துண்டு முடிந்தபோது கருவியின் உள்ளே ஏதோ உடைந்த ஓசை கேட்டது. தொட்டிக்குள் தூளைக் கிளறித் தள்ளும் தண்டு முறிந்திருந்தது. மாற்றுத் தண்டு வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, கருவியை அவன் இழுத்துச் சென்றான். எஞ்சிய மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு நான் வரப்பில் நின்றேன்.

சாலையில் இரு சக்கர வண்டியில் போன ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகள். நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சதுரடி இன்னா ரேட்டு சார்?”

முன்பின் அறியாதவன் சாலையோரம் நின்று விலை கேட்பதற்கெல்லாம் விடை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். “பெரிய பார்ட்டி போல” என்று அவர் முனகியது காதில் விழுந்தது. அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், மேற்கே வேலூர் போகும் வழி நெடுகிலும், விளைநிலம் எப்படி மனையாகிறது என்பதைப் பார்க்காதவர் இல்லை. முதலில் வரப்பை ஒட்டிச் சுண்ணாம்புத் தூளால் கட்டம் போடுவார்கள். மூலைகளில் கல் நடுவார்கள். அதன்பின் வண்ணக்கொடி. அன்று கிளிக்கொல்லையில் இருந்தவை நான்கு வெள்ளைக் கட்டங்கள். மூலைதோறும் வெள்ளைக் குவியல். நெடுஞ்சாலையில் பேருந்தில் போன எங்கள் பங்காளி ஒருவர் அதை ஜன்னல் வழியாகப் படம் எடுத்து, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: “கிளிக்கொல்ல மனை போட்டாச்சு.”

அக்குழுவை நான் பார்ப்பதில்லை. வாழ்த்துப் படங்களுக்கும் வம்புக்கும் ஒதுக்க எனக்கு நேரமில்லை. என் மனைவிதான் மறுநாள் கைப்பேசியை நீட்டினாள். படத்தைப் பார்த்தேன். அதன் கீழே வந்திருந்தவற்றையும் பார்த்தேன். பட்டா அவர் பெயரில் இருந்தால் அவர் இஷ்டம்தானே என்று ஒருவர். படித்தவர்களுக்குக் கிளியும் ஒன்று காக்கையும் ஒன்று என்று மற்றொருவர். கோயிலை இடித்துக் கடை கட்டுவதுபோல ஒரு சிரிப்புப் படம். யாரும் கேள்விக்குறி போடவில்லை. என் தம்பி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பார்த்துவிட்டான் என்பதை மட்டும் அந்தக் கருவி காட்டியது.

“ஏங்க, மண்ணுக்குப் போட்டதுன்னு ஒரு வரி போட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

நான் மறுத்தேன். ஐம்பது ஆண்டுகளாக என்னை அறிந்தவர்களிடம், நான் திருடன் இல்லை என்று விண்ணப்பம் எழுதும் நிலைக்கு நான் வந்துவிடவில்லை. ஐயம் உடையவர் என்னிடம் கேட்கட்டும், கேட்டவருக்குச் சொல்லுவேன். இதுவே முறை என்று அவளிடம் சொன்னேன். அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டவர்கள் தரகர்கள் மட்டுமே. நாள்தோறும் இரண்டு மூன்று அழைப்புகள். இன்னும் எத்தனை மனை பாக்கி, கிழக்கு பார்த்தது இருக்கிறதா, ஏரிக்காற்று வருமா என்று விசாரித்தார்கள். பங்காளி வீடுகளிலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. தண்டு வந்து சேரத் தாமதமாயிற்று. வெள்ளைக் கட்டங்கள் வெயிலில் காய்ந்து, இன்னும் வெளுத்து, சாலையில் போவோர் எல்லாருக்கும் தெரியும்படி அங்கேயே கிடந்தன.

என் தம்பியின் தறியில் அப்போது ஒரு முகூர்த்தச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைக் கரை, கரை முழுவதும் கிளி. பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது என்று அவனே ஒரு வாரத்துக்கு முன் என்னிடம் சொல்லியிருந்தான். அதற்கு முன் அவனுக்கு அவ்வளவு நிறம் தெளிந்த பட்டு அமைந்ததில்லை. முடிந்ததும் காட்ட எடுத்து வருவதாகவும் சொன்னான்.

அவன் மனைவி ஒரு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“அவுரு குட்த்துட்டு வரச் சொன்னாரு மாமா. வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் போனபின் பிரித்தேன். அச்சேலைதான், நெய்தவரை அறுத்தெடுத்த துண்டு. குறுக்கே ஓடும் ஊடை கலையாமலிருக்க அறுத்த இடத்தில் முடிச்சுக்கூடப் போடவில்லை. இழைகள் பிரிந்து தொங்கின. கரையில் கிளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கழுத்து வளையத்துடன், வாலின் ஒவ்வொரு இறகும் தனியாகத் தெரியும்படி அமைந்திருந்தன. கடைசிக் கிளிக்கு உடல் இருந்தது, அலகு வரவில்லை.

கொல்லை போய்விட்டது, ஆகவே கிளி நெய்யலாகாது என்று தம்பி முடிவு செய்திருந்தான். கல்யாண வீட்டாருக்குச் சேலை தாமதமாகும் என்று சொல்லியனுப்பிவிட்டு, உருவத்தை எழுப்பும் அட்டையை மாற்றி, எஞ்சிய பாவு நூலில் அன்னம் ஏற்றியிருந்தான். அவ்வீட்டார் அவனிடம் கடிந்து பேசினார்கள் என்று பின்னர் அறிந்தேன். வழக்கத்துக்கு அவன் காட்டிய விசுவாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெருக்கள். கத்தரியை எடுப்பதற்கு முன் அந்த இரண்டு தெருவை அவன் நடந்திருக்கலாம்.

துண்டை மடித்து பீரோவில் வைத்தேன்.

அதன்பின் தண்டு வந்தது. விடியலில், காற்று இல்லாத வேளையில், நடுப்பகுதி முழுவதும் தூவி முடித்தோம், உடனே உழுதுவிட்டோம். பங்காளிகள் அன்று பிற்பகலே ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து என்னைக் கேட்பது என்று முடிவாகி, அதற்கு ஒரு நல்ல நாளும் பார்த்திருக்கிறார்கள். நான் டிராக்டர்காரனுடன் வரப்பில் நின்றிருந்தேன். அவர்கள் பார்க்க வந்த கோடுகள் ஒன்றும் இல்லை. புதிதாக உழுத நிலம், சற்றே வெளிறிய செம்மண்.

பங்காளிகளில் மூத்தவர் என் பெரியப்பா மகன். கண் மங்கியவர். அவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கி, விரல்களை முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

“மண்ணுக்குத்தான் போட்டியா?”

“ஆமா.”

“இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றேன்.

வேனில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டிராக்டர்காரன், சூழ்நிலை தெரியாமலோ தெரிந்தேயோ, “கெணறு வெட்டுனாகூட சாமி, ‘ஓட்டலுக்கா’ன்னுதான் கேக்கறாங்க இந்த ரோட்டுல” என்று பொதுவாகச் சொன்னான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அச்சிரிப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது.

கூட்டத்தின் பின்னால் நின்ற என் தம்பி முன்னே வந்தான். அவன் குரலை உயர்த்துபவன் அல்லன்.

“விக்கலன்றதுல எனக்கு சந்தோஷம்தாண்ணா. ஆனா அந்தப் படத்தப் பாத்துட்டு, ‘அவரா, இருக்காது’ன்னு ஒருத்தர்கூட சொல்லல. நானும் சொல்லல. ராத்திரி முழுக்க உக்காந்து யோசிச்சிக்கினு இருந்தேன், சொல்லணும்னு வாயே வரல. அது ஏன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.”

அலுவலகத்தில் மேலதிகாரிகளுக்கும் பயனாளிகளுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள் நின்றவன். எழுத்திலும் பேச்சிலும் என்னை மடக்கியவர்கள் குறைவு. அவன் என்னைக் குற்றஞ்சாட்டியிருந்தால் மறுத்திருப்பேன். அவனோ குற்றம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டான்.

யோசிக்கச் சொன்னான், யோசித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சென்று, மொய் வைத்து, சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். சாவுக்குப் போய் முதல் வரிசையில் நின்றிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டியபோது, விதிக்கு உட்பட்டதைச் செய்து கொடுத்தேன். விதிக்கு மாறானதை யாருக்காகவும் செய்ததில்லை. தறிக்குழியருகே உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேச்சுக் கொடுத்ததில்லை, அது உண்மை. ஆனால் நிலத்தை விற்காமல் இருப்பதற்கும் தேநீருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

அங்கேயே ஒரு தீர்மானம் ஆயிற்று. இனி இப்படி ஒரு பேச்சு எழாதிருக்க, பட்டாவைப் பங்காளிகள் எல்லார் பெயரிலும் கூட்டாக மாற்றிவிடுவது. மூத்தவர் அதை மிகுந்த தயக்கத்துடன்தான் சொன்னார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். அலுவலகம் சென்று, வேண்டிய இடமெல்லாம் கையெழுத்திட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பங்காளிகளில் ஒருவர் எனக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்தார். நான் நின்றே கையெழுத்திட்டேன்.

பெயரை எடுத்துக்கொண்டவர்கள் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. விதைப்பது, களை பார்ப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் என்னிடமே இருக்கின்றன. கூட்டுப் பட்டா வந்தபின் அந்நிலத்துக்கு நேரில் வந்தவர் இருவர் அல்லது மூவர்.

அவ்வாண்டு கம்பு ஆள் உயரத்துக்கு எழும்பிற்று. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஆவணியில் கிளிகள் இறங்கின. முதலில் ஐந்தாறு, பிறகு ஏரிப்பக்கத்து மரங்கள் காலியாகும்படி கூட்டங்கூட்டமாக. ஒரு தாளில் நாலைந்து தொங்கும், தாள் வளையும், சண்டையிட்டுக்கொண்டே தின்னும், பாதியைக் கீழே சிந்தும். சிந்தியதைச் சில்லைக் குருவிகளும் காலையில் மயில்களும் பொறுக்கும். என் மனைவி அதைப் படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டாள். கை கூப்பும் படங்கள் நிறைய வந்தன என்று சொன்னாள். கொல்லை உயிரோடிருப்பதால் கிளி நெய்யத் தடையில்லை என்று மூத்தவர் எல்லார் வீட்டுக்கும் சொல்லியனுப்பினார். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கிளி மறுபடியும் ஏறிற்று.

என் தம்பி வீட்டில்மட்டும் ஏறவில்லை. அவன் அன்னமும் மாங்காயும் நெய்கிறான். கிளிக்கரை கேட்டு வருபவர்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். ஒருமுறை அறுத்ததை மறுபடி ஏற்ற மனம் வரவில்லை என்று யாரிடமோ சொன்னானாம். எதிர்ப்பட்டால் பேசுகிறோம். உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்டுக்கொள்கிறோம். பீரோவில் இருக்கும் துண்டைப் பற்றி அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மண்ணை மறுபடியும் பரிசோதித்தார்கள். இன்னும் ஒருமுறை போடவேண்டும் என்றார்கள். இவ்வைகாசியில் மூட்டைகள் வந்தன. அதே டிராக்டர், அதே ஆள். கீரைக்காரர் இப்போது கீரை போடுவதில்லை. வரப்பை ஒட்டி வெறும் தரிசு. தொட்டியை நிரப்பிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

“நடுவுலேர்ந்து போட்டுக்கினு வந்தா கட்டம் வுழாது சார். போன வாட்டி மாரி வாய்க்கு வந்ததைப் பேச மாட்டாங்க.”

“ஓரத்துலேர்ந்து போடு” என்றேன்.

அவன் சாக்கை எடுத்துத் தொட்டியின் வாயில் கட்டினான். வரப்பை ஒட்டி வெள்ளைப் பட்டை விழத் தொடங்கிற்று. ஒரு துண்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. நெடுஞ்சாலையில் வேலூர்ப் பேருந்து வேகத்தைக் குறைத்துப் போனது. ஜன்னலோரம் யாரோ கைப்பேசியை உயர்த்துவது தெரிந்தது. நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே போய், கட்டத்தின் நடுவில் சாலையைப் பார்த்து நின்றேன். பேருந்து மறையும்வரை நின்றேன்.